வீட்டுக்குப் போகும் பாட்டின் மறுபாதி

உகாண்டாவில், நைல் நதி ஏரியை விட்டு வெளியே வருகிற இடத்துக்குக் கிழக்கே, மண்சாலையில் பாதி நாள் குலுங்கிக்கொண்டு போனால் வருகிற புகிரோ என்ற ஊரில், தென்வா என்பவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி ஒரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கைக்கொரு தடி, தடிகளுக்குக் கீழே வரிசையாக மரக்கட்டைகள், கட்டைக்கும் தடிக்கும் நடுவே ஒரு முழம். அந்த ஒரு முழம் அத்தனை வருஷமாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவரை அப்படி உட்கார்த்தி வைத்தவள் ஒரு சாத்தூர்க்காரி. காராச்சேவுக் கடைக்காரர் வீட்டில் பிறந்து, மதுரையில் இசை படித்து, கடல் தாண்டிப் போய் ஆப்பிரிக்கச் சங்கீதத்தில் முனைவர் பட்டம் வாங்கின செல்லக்கிளி. வேண்டுமென்று செய்தாளா என்றால் இல்லவே இல்லை. "கொஞ்சம் இருங்க" என்று அவரிடம் சொன்னாள், அவ்வளவுதான். சொன்னவள் திரும்பி வந்து "சரி, ஆரம்பிங்க" என்று சொல்லவில்லை.

அந்த ஊர் வாத்தியத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. தரையில் ஆள் படுக்கிற அளவுக்குக் குழி வெட்டி, குழியின் இரண்டு கரையிலும் வாழைமரத்தை நெடுகக் கிடத்தி, அதன்மேல் கனத்த கட்டைகளைக் குறுக்கே அடுக்கினால் எம்பயிரே என்கிற அந்த வாத்தியம் ஆயிற்று. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் எதிரெதிராக உட்கார்ந்து தடியால் அடிப்பார்கள், குழி அதைத் தன் வயிற்றுக்குள் வாங்கி ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பித் தரும். ஒரு பக்கத்தாரின் அடிகளுக்கு நடுவே இருக்கிற சந்தில்தான் மறுபக்கத்தாரின் அடி விழும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது அந்தப் பக்கத்தாரும் வாசிக்காத, இந்தப் பக்கத்தாரும் வாசிக்காத மூன்றாவது பாட்டு ஒன்று மேலே எழும்பி வரும். ஊர்க்காரர்கள் கேட்பது அதைத்தான். கூட்டம் முடிகிற நேரத்தில் வாசிக்கவென்று ஒரு பாட்டு உண்டு, அதற்கு இரண்டே பேர் போதும். அது வீட்டுக்குப் போகும் பாட்டு. அது முடிந்ததும் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், வாசித்தவர்கள் கட்டைகளை அடுக்கி வைத்துவிட்டுக் குழியை வாழை இலையால் மூடுவார்கள். இதற்கெல்லாம் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கத்தை நிறுத்தி வைக்கிறவர் எவரோ, அதைத் தொடங்கி வைக்க வேண்டியவரும் அவரேதான். அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை, ஏனென்றால் ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. வெந்த சோற்றிலிருந்து உப்பை மட்டும் தனியாக எடுத்துக் காட்டு என்று யாராவது கேட்பார்களா?

செல்லக்கிளி கேட்டாள். குளிர்நாட்டில் இருந்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பதிந்து வந்தால்தான் தாளில் எழுத முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம், இந்தப் பக்கம் வைஸ்வாவும் எதிர்ப்பக்கம் தென்வாவும் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும் பாட்டைத் தொடங்கப் போன நேரத்தில் (இருவரும் இரட்டையர், மூத்தவன் என்றால் வைஸ்வா, இளையவன் என்றால் தென்வா, அந்த ஊரில் இரட்டைப்பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை) அவள் குறுக்கே போய், தென்வா தூக்கிய கையைத் தூக்கியபடி இருக்கச் சொல்லிவிட்டு, வைஸ்வாவை மட்டும் வாசிக்கச் சொன்னாள். கூட்டம் சிரித்தது, தென்வாவும் சிரித்தார். வைஸ்வா தன் பக்கத்தை அடித்து முடித்தபோது கேசட்டும் முடிந்துபோனது, செல்லக்கிளிக்கோ மதியத்திலிருந்து இருந்த குளிர்க்காய்ச்சல் ஏறிப் பல் தந்தியடித்தது. மறுபக்கத்தை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஜீப் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கண் விழித்தபோது ஒரு வாரம் ஓடியிருந்தது, உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது, விமானச்சீட்டு தலைமாட்டில் இருந்தது. தென்வா கையைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவள் ஜீப் திரும்பிய மறுநிமிஷம் கையை இறக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

புகிரோவில் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பாட்டு முடியவில்லையே, எப்படிப் போவது? விடியும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பசியெடுத்ததும் போனார்கள். ஆனால் அதைப் போனதாக யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. வைஸ்வா தம்பியைப் பார்த்து ஆரம்பிடா என்றார், கை இறங்கவில்லை. நான்கு இளவட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் தொங்கிப் பார்த்தார்கள், தொங்கியவர்களின் கால்தான் தரையை விட்டு எழும்பியது. உபதேசியார் ஜெபம் பண்ணினார், மருந்துக்கடை நர்சு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கடைசியில் ஊர்ப்பஞ்சாயத்து கூடி, எல்லாத் தரப்பையும் கேட்டு, ஒரு முடிவுக்கு வந்தது. அந்த இந்தியாக்காரி நாளைக்கு வருவதாகச் சொன்னாள். அவள் இன்னும் வரவில்லை. ஆகையால் இன்னும் நாளை ஆகவில்லை.

இப்படி ஒரு தீர்ப்பில் எத்தனை சௌகரியம் இருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. வரப்புத் தகராறில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவருக்கு நாளைக்குத் தீர்ப்பு என்று அன்று காலை சொல்லியிருந்தார்கள், அந்தத் தீர்ப்பு நின்றது, தகராறு நிலத்தில் யாரும் கால் வைக்காததால் காடு வளர்ந்து குரங்கு குடியேறியது. நாளையிலிருந்து குடிக்கமாட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்த ஒருவர் அந்த மாவட்டத்திலேயே மகிழ்ச்சியான மனிதராகிவிட்டார். நெடுவகுத்தலை நாளைக்குச் சொல்லித் தருகிறேன் என்றிருந்த வாத்தியார் சொல்லித் தராமலே ஓய்வுபெற்றார், அந்த வகுப்புப் பிள்ளைகள் வகுக்கத் தெரியாமலே பிள்ளைகுட்டிக்காரர்கள் ஆனார்கள். ஊர்த்தலைவர் பாலிகோவா, ஓடைக்கு நாளைக்கே பாலம் போடுவதாகச் சொல்லி முதல் தேர்தலில் ஜெயித்தவர், அதே பாலத்தைச் சொல்லி ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தார். யாராவது முணுமுணுத்தால் குழிப்பக்கம் கையைக் காட்டுவார். தள்ளிப்போட ஏதாவது வைத்திருந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் மூட்டைமுடிச்சோடு வந்து குடியேற, புகிரோ பெருத்தது.

தென்வாவுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. வெயில் அடிக்கிறதே என்று கூரை போட்டார்கள், மழை சாய்ந்து அடிக்கிறதே என்று சுவர் வைத்தார்கள், அப்படியே அது வீடாயிற்று. கரையான் அரித்த கட்டைகளை உருவிவிட்டு அவர் தடிக்குக் கீழே புதுக்கட்டை நுழைத்தார்கள். அவருக்கென்று முன்பே பேசி வைத்திருந்த முதேசி என்ற பெண், உட்கார்ந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளையும் பெற்றாள். எப்படி என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. தூக்கிய கைகளில் பெண்கள் துணி உலர்த்தினார்கள், தூக்கணாங்குருவி வந்து கூடு கட்டிப் பார்த்தது, செல்போன் வந்த காலத்தில் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே கூட்டம் கூடியது, பேருந்து நிறுத்தத்துக்கே கை என்று பெயர் வந்தது. வைஸ்வா மட்டும் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சலித்து, பட்டணத்துக்கு லாரி ஓட்டப் போய், அங்கேயே செத்துப்போனார். தென்வாவிடம் கை வலிக்கிறதா என்று கேட்டவள் முதேசி ஒருத்திதான். கை வலிக்கவில்லை, இதோ ஆரம்பிக்கப் போகிறோம், இதோ ஆரம்பிக்கப் போகிறோம் என்று இருக்கிறதே, அதுதான் வலிக்கிறது என்று அவர் சொன்னார்.

இந்தப் பக்கம் செல்லக்கிளி என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், அந்த அரைப் பாட்டை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டிருந்தாள். பாதி கையில் இருந்தால் மீதியை ஊகித்துவிடலாம் என்றார் வழிகாட்டி. விடுதி அறையில், வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருக்க, வைஸ்வாவின் கேசட்டை ஓடவிட்டு ஓடவிட்டு, அவர் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு சந்திலும் தென்வா எந்தக் கட்டையை அடித்திருப்பார் என்று பென்சிலால் புள்ளி வைத்தாள். ஒரு குளிர்காலம் பூராவும் அழித்து அழித்து எழுதினாள். அது புத்தகமாயிற்று. புத்தகம் வெளிவந்ததும் அது சரி என்று ஒரு கட்சியும், கற்பனை என்று ஒரு கட்சியும் கிளம்பி, இரண்டு கட்சியிலும் பலபேர் பேராசிரியர் ஆனார்கள். அவளும் ஆனாள். அதற்குப் பிறகு எத்தனையோ நாட்டில் எத்தனையோ பதிந்தாள். ஆட்டிடையர் குழலையும், தானியம் குத்துகிற பெண்களின் பாட்டையும், படகுத்துறையில் கட்டைவிரலால் மீட்டுகிற இரும்பு நாக்கு வாத்தியத்தையும் தேடித்தேடி எடுத்தாள். மாநாட்டுக்குப் போனால் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அந்த மறுபாதி, அது நிச்சயம்தானா என்றுதான் கேட்பார்கள். நிச்சயம்தான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிற்று.

உள்ளுக்குள் அவளுக்குப் பயம். புகிரோவுக்குத் திரும்பிப் போய் மறுபாதியைக் கேட்டு, அது வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது? உகாண்டாவுக்குப் போக வாய்ப்பு வந்தபோதெல்லாம் வேறு நாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், வருஷங்கள் அப்படியே போயின. இன்னொரு தொல்லையும் இருந்தது. எந்தக் கூட்டம் முடிந்தாலும் அவளால் சட்டென்று எழ முடியாது. எல்லாரும் போன பிறகும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள், ஏதோ இன்னும் முடியவில்லை என்பது போல இருக்கும், துப்புரவுக்காரர் விளக்கை அணைக்க வரும்போதுதான் எழுந்திருப்பாள். கல்யாணப் பேச்சு, சொந்த வீடு, ஊர்த்திருவிழா எல்லாம் அவள் எழுந்து வருவதற்குள் முடிந்து போயின. சாத்தூரிலிருந்து அண்ணன் சங்கரலிங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணி எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்பார். அடுத்த மாசம்ண்ணே என்பாள்.

ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு மாநாட்டில் யாரோ ஒரு படம் போட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் வட்டார நம்பிக்கைகள் என்பது போல ஏதோ தலைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு, பாதிப்பேர் கண்ணயர்ந்திருந்தார்கள். திரையில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு வீடு, வீட்டுக்குள் ஒரு குழி, குழியோரம் நரைத்த மனிதர் ஒருவர் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். இடது தடியை வலது தடியைவிடச் சற்றே தாழ்த்திப் பிடித்திருந்த விதத்திலேயே செல்லக்கிளிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. படம் போட்டவர் அடுத்த ஊரின் படத்துக்குப் போய்விட்டார், அடுத்தவர் வந்து பேசினார், நன்றியுரை முடிந்தது, விளக்கு அணைந்தது, அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். சங்கரலிங்கம் அதிசயப்பட்டதாகத் தெரியவில்லை.

"ஏத்தா, ஒரு மனுசன உக்கார வச்சிட்டு வந்தா போயி எழுப்பி விட வேணாமா?" என்றார். "மொதல்ல அந்தச் சோலியப் பாரு. பெறகு வீட்டுக்கு வா."

சேவு வாணலியில் எண்ணெய் இரைகிற சத்தம் அவர் பின்னால் கேட்டது. ஏதோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டு வா என்கிற மாதிரிச் சொல்கிறாரே என்று இருந்தது. விமானச்சீட்டு எடுத்தாள். வைஸ்வாவின் கேசட்டையும், இப்போது யாரும் வைத்திருக்காத பழைய டேப்ரிக்கார்டரையும், முழங்கால் பட்டைகளையும் எடுத்துக்கொண்டாள்.

கை நிறுத்தத்தில் அவள் இறங்கியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. ஊர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டது. அந்த முகங்களில் சந்தோஷமும் தெரிந்தது, அதற்குப் பின்னாலேயே கலவரமும் தெரிந்தது. அந்த ஊர் வழக்கப்படி, நேற்று எப்படி இருந்தாய், வீட்டில் எப்படி, வழி எப்படி என்று நெடுநேரம் விசாரித்தார்கள். மடக்கு நாற்காலி போட்டார்கள். இலையில் வைத்து அவித்த வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும் வந்தன. பாலிகோவா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, பத்துப் பதினைந்து பேர் சூழ எதிரே உட்கார்ந்தார்.

தென்வா நன்றாக இருக்கிறார் என்றார் அவர். எந்தக் குறையும் இல்லை, ஊரே பார்த்துக்கொள்கிறது. குழிக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை. சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். வரப்புச் சகோதரர்கள் இரண்டு பேரும், இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். அந்தக் குடிகாரர் கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தார். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தக் கை இறங்கினால் அவர்கள் தலையில் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழும்.

பாலிகோவா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "நியாபோ," என்றார், அம்மா என்பது போல அங்கே மரியாதையாகச் சொல்கிற சொல் அது. "ரொம்பத் தூரம் வந்திருக்கீங்க. முகம் எல்லாம் வாடியிருக்கு. மெத்தை போட்டாச்சு, வெந்நீர் வச்சாச்சு. நல்லாத் தூங்குங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த வார்த்தை எவ்வளவு இதமாக இருந்தது. கால் வீங்கியிருந்தது, இடுப்பு விண்விண் என்றது, இரண்டு விமானத்தின் இரைச்சல் இன்னும் காதுக்குள் இருந்தது. அவளுக்குத் தெரிந்து முப்பது வருஷமாக அவள் சரியாகத் தூங்கியதில்லை. நாளைக்கு நிதானமாக, தெளிந்த தலையோடு, நல்ல வெளிச்சத்தில் செய்தால் என்ன? வாயைத் திறந்து, சரி நாளைக்கே என்று சொல்லத்தான் போனாள்.

கூட்டத்துக்குப் பின்னால் வாழைமரத்தடியில் நின்றுகொண்டிருந்த வயதான பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"நான் முதேசி," என்றாள். "அவர் பெண்டாட்டி. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லிட்டுத் தூங்கினீங்கன்னா, என் பேரப்பிள்ளைங்க வந்து இதே இடத்துல உங்களுக்கு நாற்காலி போடும்."

பாலிகோவா ஏதோ சொல்ல வந்தார். முதேசி அவர் பக்கம் திரும்பவே இல்லை. செல்லக்கிளி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள், அவள் பின்னாலேயே நடந்தாள், ஊரும் வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தது.

குழி வீட்டுக்குள் சாய்ந்த வெயில் வந்துகொண்டிருந்தது. தென்வாவின் கைகளில் இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன, முதேசி அதை எடுத்து மடித்தாள். செல்லக்கிளி வரும் வழியெல்லாம் லுசோகா மொழியில் ஒரு மன்னிப்பைக் கட்டிக் கட்டி வைத்திருந்தாள், எதிரே போய் நின்றதும் அதற்கு வாயெடுத்தாள். அதற்குள் தென்வா முந்திக்கொண்டார்.

"வந்துட்டீங்களா," என்றார். "காய்ச்சல் சரியாப் போச்சா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால், அறுபது வயதை நெருங்குகிற ஒரு பேராசிரியை, மூக்கு ஒழுக அழுதாள். அன்றைக்குப் பல் அடித்துக்கொண்டது கேட்டதே, அதிலிருந்து யோசனையாகவே இருந்தது என்று தென்வா முதேசியிடம் விளக்கம் சொன்னார். சரியாகப் போய்விட்டது என்று செல்லக்கிளி தலையாட்டினாள். பிறகு வைஸ்வா இருந்த இடத்தில், கட்டைகளுக்கு எதிரே, முழங்காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்து டேப்ரிக்கார்டரை மடிமேல் வைத்துக்கொண்டாள். உங்கள் அண்ணனை எடுத்து வந்திருக்கிறேன் என்றாள். தென்வா கண்ணை மூடிக்கொண்டார்.

பொத்தானை அழுத்தினாள். கொஞ்சநேரம் இரைச்சல், ஒரு கோழி, எப்போதோ சிரித்த கூட்டத்தின் சிரிப்பு. சிரித்தவர்களில் பலர் இப்போது வாசலில் நின்று தங்கள் சிரிப்பையே கேட்டார்கள், சிலர் உயிரோடு இல்லை. அப்புறம் வைஸ்வாவின் அடி விழத் தொடங்கியது, இரண்டு அடி, ஒரு சந்து, ஓர் அடி, ஒரு சந்து, செத்த மனிதன் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கிற மாதிரி. இப்போது வாயைத் திறந்தால் தென்வா அடிப்பார்; அடித்தால் புத்தகம் என்ன ஆகும் என்பது தெரிந்துவிடும்; அவள் பேராசிரியையா, ஊகத்தை விற்றுப் பிழைத்தவளா என்பது தெரிந்துவிடும். எதிரே அந்தக் கைகள் நின்றன. பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுப்பு வந்தது. அவர் அலுப்பும் தன் அலுப்பும் ஒன்றுசேர்ந்து வந்தது போல, இதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று இருந்தது.

"சரி," என்றாள். "ஆரம்பிங்க."

தடி இறங்கியது.

முதல் அடியிலேயே குழி விழித்துக்கொள்ள, ஊர் வாழைத்தோப்புகளில் இருந்த குருவியெல்லாம் எழும்பிப் பறந்தன. வைஸ்வா விட்ட சந்தில் தென்வா அடித்தார், அடுத்த சந்தை விட்டார், அதற்கடுத்ததில் இரண்டு அடித்தார். செல்லக்கிளி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நடுக்கட்டை, ஓரக்கட்டை, மறுபடி நடுக்கட்டை. விடுதி அறையில் வைத்த பென்சில் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து தென்வாவின் தடிக்கடியில் உட்கார்ந்துகொண்டன. அவள் எழுதியதுதான் அது. ஒரு புள்ளி மாறவில்லை. ஒரே ஒரு கணம், மாநாட்டுக் கூடங்களில் நிச்சயம்தானா என்று கேட்ட அத்தனை பேரையும் அங்கே கூட்டிவந்து நிறுத்தவேண்டும் போல அவளுக்கு ஒரு வெறி வந்தது. அடுத்த கணம் அது வடிந்துவிட்டது. அத்தனை வருஷம் அவள் சரியாகத்தான் இருந்திருக்கிறாள், அந்தச் சரியால் இந்த மனிதரின் கை ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

மூன்றாவது பாட்டு எழும்பியது. செத்தவரும் வாசிக்காத, இருப்பவரும் வாசிக்காத அந்தப் பாட்டு குழிக்கு மேலே கூரைவரைக்கும் ஏறி, சுவரை விட்டு வெளியே போய், ஓடைவரை நடந்து, திரும்பி வந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கேசட்டும் முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பியது.

யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போகத் திரும்பினார்கள். போகிற வழியில் ஒவ்வொருவர் தோளிலும் அவரவர் நாளை வந்து உட்கார்ந்துகொண்டது. வரப்புச் சகோதரர்கள் ஒருவரையொருவர் முறைத்தபடி அரிவாள் தேடப் போனார்கள், காட்டை வெட்டித்தானே வரப்பைத் தேடவேண்டும். குடிகாரர் கையிலிருந்த குவளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்தார். தடி ஊன்றிய வாத்தியார், தன்னைத் தாண்டிப்போன நரைத்தலைக்காரர் ஒருவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, நெடுவகுத்தல் என்பது என்னவென்றால் என்று தொடங்கினார். பாலிகோவா கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் போய், அகலம் எவ்வளவு இருக்கும் என்று வெறித்துப் பார்த்தபடி நின்றார். அவருக்கு ஒரே நிமிஷத்தில் வயதாகிவிட்டது.

தென்வாவின் கைகள் கட்டைமேல் கிடந்தன. முதேசி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். முதலில் மூக்கைச் சொறிந்துகொள்ள வேண்டும் என்றார் தென்வா, தானே சொறிந்துகொண்டார், நெடுநேரம் ஆசைதீரச் சொறிந்தார். பிறகு எதிரே பார்த்தார்.

"போன பிறகு என்ன பண்ணீங்க, நியாபோ?"

"இப்ப வாசிச்சீங்களே, அதைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

"சரியா எழுதினீங்களா?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"நல்லது," என்றார் தென்வா. அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவளைத் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

அவர் எழுந்திருக்க இரண்டு பிள்ளைகளும் வந்து தாங்க வேண்டியிருந்தது. இத்தனை காலம் குழியைச் சுற்றிக் கட்டிய வீட்டில் இருந்தவருக்கு, கொஞ்சம் தள்ளி அவருடைய அப்பா வீடு காத்திருந்தது, அன்றைக்குப் போகவேண்டிய வீடு அதுதான். கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு, நடை மறந்தவர் போலத் தத்தித் தத்திப் போனார். செல்லக்கிளி கட்டைகளைத் தூக்கி அடுக்கினாள், அது வாசித்தவர்கள் செய்யவேண்டிய வேலை, வைஸ்வாவின் இடத்தில் உட்கார்ந்ததால் அவளுடையதாயிற்று. குழியை வாழை இலையால் மூடினாள். அப்புறம் அதன் ஓரத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கூடத்திலும் கடைசிவரை உட்கார்ந்து பழகிப்போன உடம்பு அது, யாராவது வந்து விளக்கை அணைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறந்து வைத்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க முதேசி திரும்பி வந்தாள். கிண்ணத்தை எடுத்தவள் வாசல்வரை போய் நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சேர்த்துத்தானே வாசிச்சாரு," என்றாள். "நீங்க இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?"

செல்லக்கிளி ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். எழுந்தாள்.